ஒரு கம்பி பேச, இரண்டு கம்பி வாயை மூடணும்

பியானோவில் 88 கட்டைகள். கம்பிகளோ 200-க்கும் மேல். கணக்கு இடிக்கிறதா? கீழ் ஸ்தாயியில் கட்டைக்கு ஒன்றோ இரண்டோ தடித்த கம்பிகள், நடுவிலிருந்து மேலே போனால் கட்டைக்கு மூன்று. மூன்றும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் 'வாவ்... வாவ்...' என்று அலையடிக்கும். அதனால் ட்யூன் செய்பவர் ஒரு கம்பியை மட்டும் பேசவிட்டு, மற்ற இரண்டின் வாயை அடைக்கிறார். எதை வைத்து அடைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தர்மபுரியில் பெரியம்மா வீட்டில் சுவரோரம் நிற்கிற பழைய பியானோவை, பெரியப்பா போன பிறகு யாரும் தொடவில்லை. இப்போது பேத்திக்குக் கற்றுக்கொள்ள ஆசை. "கம்பி அறுந்துடும்னா வேணாம்ப்பா, அப்படியே இருக்கட்டும்" என்றார் பெரியம்மா.

பெங்களூரிலிருந்து வந்த ட்யூனர் பையைத் திறந்தார். ரப்பர் ஆப்புகள், நீளமான ஃபெல்ட் துணிப் பட்டை, இடுக்கி மாதிரி ஒரு கருவி.

"எதை எடுப்பீங்க சார்?"

"முதல்ல அது எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்ப்போம் தம்பி."

நொடிக்கு 440 அதிர்வில் நிற்க வேண்டிய கட்டை, 425-ஐ ஒட்டி நின்றது.

துணிப் பட்டையை நடுப்பகுதி நெடுகச் செருகிவிட்டால், ஒவ்வொரு கட்டையிலும் நடுக்கம்பி மட்டும் ஒலிக்கும். அவற்றை முடித்துவிட்டு, பட்டையை உருவிக்கொண்டே பக்கக் கம்பிகளைச் சேர்க்கலாம். ஆனால் 440 வரை ஏற்றுவதென்றால், பக்கக் கம்பிகளை முறுக்க முறுக்க உள்ளே இருக்கும் பலகை அழுந்தி, முடித்த நடுக்கம்பிகள் மறுபடி இறங்கும்.

"கயித்துக் கட்டில் மாதிரிதான். இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் தளரும்" என்றார். அப்படி ஏற்ற வேண்டுமானால், ஆப்பு வைத்துக் கட்டைக்குக் கட்டை மூன்று கம்பியையும் உடனே முடித்துக்கொண்டு, ஒரு தடவை ஓட்டமாக ஏற்றிவிட்டு, பிறகு திரும்ப வந்து நிதானமாகச் சரிசெய்ய வேண்டுமாம்.

கம்பிகளில் துருவைப் பார்த்துவிட்டு, "ஏத்த வேணாம்மா. இருக்கிற உயரத்துலேயே ஒண்ணுக்கொண்ணு சேர்த்துடறேன். பாப்பா தனியா வாசிக்கத் தாராளம். கூட கீபோர்டு வாசிச்சாதான் உதைக்கும்" என்றார். ஏற்றப்போவதில்லை என்றானதும் கை தானாகத் துணிப் பட்டைக்குப் போனது. உச்சியில் கம்பிகள் குட்டை, பட்டை செருக இடமில்லை. அங்கே சுத்திகளின் காம்புகளுக்கு நடுவே அந்த இடுக்கியை நுழைத்தார்.

ஃபேன், மிக்ஸி எல்லாம் நிறுத்தம். மூன்று மணி நேரம் ஒரே கட்டையைத் தட்டும் சத்தம். என் வீடியோ ரீல்ஸுக்கு ஆகாது.

ஒரு கம்பிகூட அறவில்லை. காபி கொடுத்தபடி, "அந்த 440?" என்றார் பெரியம்மா.

"புதுக் கம்பி மாத்தினா பார்க்கலாம்மா."