தேவரும் நாம் தீர்க்காத கடனும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று நண்பர்கள் கேட்டபோது, பழைய மாணவர் பலரும் எழுதுவது போல ஆசிரியர்மாரைப் பற்றியோ விடுதிச்சாலைச் சாப்பாட்டைப் பற்றியோ எழுதலாமென்றே நாம் முதலில் எண்ணினோம். ஆனால், அவ்வாரத்தில் எம் பேரன் கேட்ட வினாவொன்று எம்மை வேறு திசைக்கு இழுத்துச் சென்றது. இரும்புக் கவசம் பூண்டு வானிற் பறக்கும் வீரனுடைய அமெரிக்கப் படத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தையும் அதன் பின்வந்த பல படங்களையும் தயாரித்தவர் கெவின் பைகி என்பவராம். "தாத்தா, உங்கள் காலத்தில் இப்படி வீரர்களை உண்டாக்கியவர் ஒருவர் இருந்தாரா?" என்று கேட்டான்.

இருந்தார். அவர்தாம் சாண்டோ சின்னப்பா தேவர். அவர் படங்களின் வீரர்கள் வானிற் பறந்தவர்களல்லர். ஆயினும் காளையை அடக்கினார்கள், சிறுத்தையோடு பொருதார்கள், தாயின் சொல்லைத் தட்டாது நடந்தார்கள், இறுதியில் ஒருபோதும் தோற்றிலர். இவற்றைப் பேரனுக்குச் சொல்லி மகிழ்ந்தோம். ஆனால் தேவரை நினைக்குந்தோறும் உடன் நினைவுக்கு வரும் இரண்டு ரூபாக் கடனொன்றை அவனுக்குச் சொல்ல நா எழவில்லை. அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

எம் தந்தையார் தெல்தெனியப் பழைய நகரத்திற் பலசரக்குக் கடை வைத்திருந்தார். விடுமுறைக்கு வரும் நாம் கடைவாசலிற் கிடந்த கருங்கற்படியில் அமர்ந்து பொழுது கழிப்போம். சுற்றுவட்டத் தோட்டங்களின் தொழிலாளர் சம்பள நாளில் வந்து, கடன் கொப்பியிற் கண்ட தொகையைத் தீர்த்து, அம்மாதத்துக்கான அரிசியும் கருவாடும் வாங்கிச் செல்வர். அவர்களுள் ஓர் இளைஞர் எம்மினும் நான்கு வயது மூத்தவர். அவரை நாம் 'அண்ணை' என்போம். அவர் எம்மைத் 'தம்பி' என்பார். எம்.ஜி.ஆர். நடித்த படமெதையும் அவர் தவறவிடுவதில்லை. "நம்ம நாவலப்பிட்டியில பிறந்தவரு, தம்பி!" என்று, தம் சொந்த மாமனைப் பற்றிப் பேசுவார் போலப் பெருமையுடன் பேசுவார்.

1964ஆம் ஆண்டு பொங்கலுக்குத் தமிழகத்தில் வெளிவந்த தேவரின் 'வேட்டைக்காரன்' கண்டிக்கும் வந்தது. படம் பார்க்கக் காசு கேட்ட எம்மைத் தந்தையார் நிமிர்ந்தும் பார்த்திலர். படியிலிருந்த அண்ணை மடியை அவிழ்த்து இரண்டு ரூபாவை எடுத்து நீட்டினார். அஃது அவருக்கு ஏறக்குறைய ஒருநாட் கூலி. "அடுத்த விடுமுறைக்கு வரும்போது கட்டாயம் தருவோம்" என்று சொல்லி வாங்கினோம். திகனை, குண்டசாலை வழியாகப் பஸ்ஸிற் கண்டிக்குச் சென்று இருவரும் படம் பார்த்தோம். தொப்பியணிந்த வேட்டைக்காரன் சிறுத்தையோடு கட்டிப்புரண்டபோது கொட்டகையெங்கும் எழுந்த ஆரவாரம் இன்றும் எம் காதில் நிற்கின்றது.

திரும்பும் வழியில் அண்ணை சொன்னார்: "சண்டை போட்டவரை எல்லாரும் பாக்கிறாங்க தம்பி. போட வச்சவரை யாரு பாக்கிறா?" சினிமாப் பத்திரிகைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் அவருக்குண்டு. தேவரின் வரலாற்றை நாம் முதலிற் கேட்டது அன்றிரவு, அந்தப் பஸ்ஸிலேதான். பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் சேர்த்து அதனைச் சுருக்கி உரைப்போம்.

தேவர் 1915ஆம் ஆண்டு கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர். இளமையில் ஆலைத் தொழிலாளியாக உழைத்தார். உடற்பயிற்சியில் அவருக்கிருந்த பற்று அளவற்றது. மேனாட்டுப் பலசாலியான யூஜின் சாண்டோவின் பெயர், இந்நாடுகளிற் கட்டுடல் படைத்தார்க்கெல்லாம் பட்டமாக வழங்கிய காலம் அது. சின்னப்பாவும் 'சாண்டோ' ஆனார். கோவையில் ஜூபிடர் நிறுவனத்தாரின் படங்களிற் சிறு வேடங்கள் அவருக்குக் கிடைத்தன. எம்.ஜி.ஆர். முதன்முதலிற் கதாநாயகனாக நடித்த 'இராஜகுமாரி' 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலே அவரோடு மோதும் முரடனாகத் தேவர் தோன்றினார். அவ்வேடத்தை அவருக்கே கொடுக்க வேண்டுமென்று எம்.ஜி.ஆர். வாதாடினார் என்பர். உடல்வலி மிக்க ஒருவர் திரையிலே தோற்க, மற்றவர் வென்றார். தாம் வெல்லும் வீரனாக முடியாதெனக் கண்டவர், வெல்லும் வீரனை உருவாக்குவோம் என்று துணிந்தார் போலும்.

1956ஆம் ஆண்டிலே தேவர் பிலிம்ஸின் முதற்படமான 'தாய்க்குப்பின் தாரம்' வெளிவந்தது. அதன்பின் நண்பர் இருவருக்குமிடையே மனத்தாங்கல் நேர, தேவர் சோர்ந்திலர். ரஞ்சனைக் குதிரையேற்றி 'நீலமலைத் திருடன்' என்ற படத்தை 1957ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1961ஆம் ஆண்டு 'தாய் சொல்லைத் தட்டாதே' படத்தில் நட்பு மீண்டது. 1972ஆம் ஆண்டின் 'நல்ல நேரம்' வரையில் எம்.ஜி.ஆரை வைத்து அவர் எடுத்தவை பதினாறு படங்கள். பெரும்பாலானவற்றை இயக்கியவர் அவர் தம்பி எம். ஏ. திருமுகம், இசையமைத்தவர் கே. வி. மகாதேவன்.

இத்துணைப் படங்களை இத்துணை விரைவில் எடுத்ததெவ்வாறு? அண்ணை அன்றிரவு வியந்து பேசியதும் இதனையே. படப்பூசை போடும்போதே வெளியீட்டு நாளையும் குறித்துவிடுவது தேவரின் வழக்கம். நடிகருக்குரிய ஊதியத்தை வேலை முடியும்வரை இழுத்தடியாது முன்னரே கொடுத்துவிடுவார். கொடுத்தபின் வேலையைக் கண்டிப்பாகக் கேட்பார், கோபமும் கொள்வார். ஆனால், 'தேவரிடம் காசு நிற்கும்' என்று எவரும் கூறியதில்லை. முருகனையும் தம் தொழிலிற் பங்காளியாகக் கொண்டு, இலாபத்தில் அப்பெருமானுக்கொரு பங்கு ஒதுக்கினார். மருதமலைக் கோயிற்றிருப்பணியில் அவர் பெயர் நிலைத்திருப்பது இதனாலேயாம். "தேவர் மாதிரி இருக்கணும் தம்பி. சொன்னா சொன்னதுதான்" என்றார் அண்ணை. எம் சட்டைப் பையில் அவர் தந்த இரண்டு ரூபாவின் மிச்சச் சில்லறை அப்போது கிடந்தது.

அடுத்த விடுமுறைக்கு வந்தோம். கையிற் காசும் இருந்தது. அதற்குக் கிரிக்கெட் மட்டை வாங்கினோம். அதற்கடுத்த விடுமுறையில் மறந்தோம். பின்னர் நினைவு வந்தபோது, இவ்வளவு காலங்கழித்து இரண்டு ரூபாவை நீட்டுவது வெட்கமாயிருந்தது. அண்ணை கேட்டாரல்லர். அவர் கேளாமையே எமக்குச் சாக்காயிற்று. எம் தந்தையாரின் கொப்பியில் அவர் குடும்பத்தார் பெயரிலே ஒரு சதமும் பாக்கி நின்றதில்லை என்பதனையும் இங்கு சொல்லவேண்டும்.

இதற்கிடையே, 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதாம். இலக்கங்களாக நாம் செய்தித்தாளிற் படித்தவற்றுள் ஓர் இலக்கம் எம் அண்ணை என்பதை 1971ஆம் ஆண்டிலேதான் உணர்ந்தோம். தலைமன்னாருக்கு இரயிலேறுமுன் கடைக்கு வந்து, தந்தையாரிடம் விடைபெற்று, அந்தப் படியிற் சிறிது நேரம் அமர்ந்தாராம். எம்மை விசாரித்தாராம். நாம் அப்போது கொழும்பில் உத்தியோகத்திலிருந்தோம்.

அவ்வாண்டிலேதான் தேவரின் இந்திப் படமான 'ஹாத்தி மேரே சாத்தி', ராஜேஷ் கன்னாவின் நடிப்பில் வட இந்தியாவிற் பெருவெற்றி பெற்றது. அதே யானைக் கதையை 1967ஆம் ஆண்டில் 'தெய்வச் செயல்' என்று தமிழில் எடுத்துத் தோற்றவர் தேவர். தோற்ற கதையைக் கைவிடாது மீண்டும் எடுத்தார், வென்றார், அதனையே 'நல்ல நேரம்' ஆக்கித் தமிழுக்கும் கொணர்ந்தார். தவறியதைத் திரும்பச் சென்று நேராக்கும் துணிவும் வீரமே. அத்துணிவுதான் எமக்கு இல்லாது போயிற்று. ஏனெனில், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து அண்ணை ஒரு கடிதம் எழுதியிருந்தார். தேயிலைத் தோட்டத்திலேயே வேலை என்றும், தேவரின் ஊர் அங்கிருந்து கிட்டத்தான் என்றும் எழுதி, நலம் விசாரித்திருந்தார். காசைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. நாம் அக்கடிதத்துக்கும் பதில் எழுதினோமல்லோம்.

1978ஆம் ஆண்டு செப்தெம்பர் 8ஆம் நாள் தேவர் காலமானார். அமெரிக்கரின் 'சூப்பர்மேன்' வண்ணப்படம் திரைக்கு வந்தது அதே ஆண்டு திசெம்பரில். விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டில் நிறைவெய்த, மகாவலியின் நீர் தெல்தெனியப் பழைய நகரத்தை மூடியது. கடையுமில்லை, படியுமில்லை. அன்றுதான் எமக்கு அச்சம் பிறந்தது. கோத்தகிரி முகவரிக்கு எழுதினோம். பெறுவார் அங்கில்லையென்று கடிதம் திரும்பி வந்தது.

பல்லாண்டுகளின் பின் கோவைக்குச் சென்று மருதமலை ஏறினோம். அந்த இரண்டு ரூபாவை உண்டியலில் இட்டுக் கணக்கை முடித்துவிடலாமென்று ஓர் எண்ணம் தோன்றியது. மனம் ஒப்பவில்லை. மனிதனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கடவுளுக்குக் கொடுத்துத் தப்புவது கடன் தீர்த்தலாகாது.

கடுங்கோடையில் நீர் வற்றும்போது பழைய நகரத்தின் இடிபாடுகள் வெளித்தோன்றுவதுண்டு. அத்தகைய ஒரு கோடையிற் சேறு மிதித்துச் சென்று எம் கடை நின்ற இடத்தைத் தேடினோம். கருங்கற்படி அங்கேயே கிடந்தது. அதில் அமர்ந்தோம். வானிற் பறத்தலும் சிறுத்தையோடு பொருதலும் எம்மாலாகா. ஆனால், பெற்றதை வாக்களித்த நாளில் திருப்பிக் கொடுத்தல் எவராலும் ஆவது. அதனைச் செய்யாதோர்க்கு எந்த வீரனின் படமும் வெறும் நிழலே என்பது அன்று எமக்கு விளங்கியது. கல்லூரியில் இன்று பயிலும் இளையோர்க்கு நாம் கூறுவது இதொன்றே: சிறு கடனை அடுத்த விடுமுறைக்குத் தள்ளாதீர்கள்.

தந்தையாரின் கடைசிக் கடன் கொப்பி எம்மிடமுண்டு. அதனுள்ளே பழைய இரண்டு ரூபாத் தாளொன்று இருக்கின்றது. கோத்தகிரிப் பக்கத்தில் எவர் கையிலேனும் இம்மலர் சேருமாயின், தெல்தெனியக் கடைப்படியைப் பற்றி அங்குள்ள முதியவர்களிடம் விசாரித்துப் பார்ப்பாராக. அண்ணையின் பெயரை நாம் ஈண்டு எழுதவில்லை. அவர் இருப்பின், இக்கதையைக் கேட்ட மாத்திரத்தில் அறிந்துகொள்வார். இல்லையேல், அவர் மக்கள் அறிவர். எழுதினால், இம்முறை பதில் எழுதுவோம்.