முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்

கேமரா தானாகப் போட்டுத் தரும் வெளிச்சக் கணக்கைக் கூடலூரில் நான் சந்தித்த இந்தப் படக்காரப் பெண் நம்புவதே இல்லை. கருத்த முகம் ஃப்ரேமை நிறைத்தால் கருவி அதை இருட்டென்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தோல் சாம்பல் பூத்து வெளிறும். பின்னால் மழைக்கால வானம் இருந்தாலோ நேர் எதிர். முகம் மூழ்கி, கண்ணும் பல்லும்தான் மிஞ்சும். அதனால் கையால்தான் எல்லாம். “மெஷினுக்கு நம்ம நிறம் தெரியாது சார். நடுத்தரச் சாம்பலைத் தேடிட்டே இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே திருகைச் சுழற்றினார்.

அவர் பணியர் சமூகத்துப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். கூட வரும் பையன் பெட்டக்குறும்பர். அவன் கையில் இருப்பது ஒரு வெள்ளைத் தெர்மக்கோல் அட்டை மட்டும். வாசல் வெளிச்சம் கன்னத்தின் ஒரு பக்கம் விழ, மறுபக்கத்து நிழலை அந்த அட்டையால் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். கூடினால் முகம் தட்டையாகிவிடும், குறைந்தால் சுருக்கங்களெல்லாம் பள்ளமாகிவிடும். இரண்டு விரல் அகலம் அட்டையைச் சாய்ப்பதில்தான் அவன் திறமை இருக்கிறது. ஃபிளாஷ் கொண்டுவருவதில்லை.

வனஉரிமைச் சட்டத்தின் கீழ் மனுப்போடும் குடியிருப்புகளுக்காக இந்தப் படங்கள். 2006-இல் வந்த சட்டம். தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவொன்றால் பட்டா கொடுப்பது ஆண்டுக்கணக்கில் நின்று, 2016-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் தடை விலகியது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலத்தில் இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். காகிதம் இல்லாதவர்களிடம் காகிதம் கேட்டால் என்ன செய்வது என்று விதி எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள், அது ஆறுதல். மனுதாரர் அல்லாத முதியவரின் வாக்குமூலத்தை எழுதிவைக்கலாம். கிணறு, இடுகாடு, கோயிலிடம் ஆகியவையும் சான்றாகும். ஆக, இடுகாடு எது என்று காட்டத் தெரிந்த மூதாட்டியே இங்கே ஆவணக் காப்பகம். அவருடைய வாக்குமூலத்தோடு முகப்படமும் கோப்பில் சேர்கிறது. சட்டம் இதைக் கேட்கவில்லை. “கேக்கலதான். ஆனா கையெழுத்துக்குப் பதிலா கைநாட்டு மட்டும் இருந்தா, படிக்கிற ஆபீசர் ஆளை நெனைச்சுப் பாக்க மாட்டார்” என்றார் அந்தப் பெண்.

அன்று முதலில் உட்கார்ந்தவர் அப்படியொரு மூதாட்டி. பணியப் பெண்களின் தோடு கேள்விப்பட்டிருப்பீர்கள்: தாழை ஓலையைச் சுருட்டி, மெழுகு வைத்து, குன்றிமணி பதித்துக் காதுத் துளையில் செருகுவார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு அது வேண்டும். பையனுக்கும் அன்று ஆசை, எடுத்துவரட்டுமா என்று கேட்டான். பாட்டி மறுத்துவிட்டார். நைட்டிமேல் ஸ்வெட்டர், தோளில் தோர்த்து, அப்படித்தான் எடுக்க வேண்டும். ஸ்வெட்டரின் மேல்பொத்தான் போட்டிருக்க வேண்டும். படக்காரப் பெண் ஒரு சொல் பேசவில்லை. தரையில் சம்மணமிட்டு, முக்காலியில் இருந்த பாட்டியின் கண்மட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுவந்தார். நின்றுகொண்டு எடுத்தால் உட்கார்ந்திருப்பவர் மனுக்கொடுக்க வந்தவர் மாதிரித் தெரிவாராம்.

கூடலூரும் சேர்ந்த இதே வயநாட்டு மலைப்பக்கம் முன்பொரு கேமரா வந்திருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், இடுக்கி வைத்துத் தலையையும் மூக்கையும் அளந்தார், படமும் எடுத்தார். அளவும் படமுமாக 1909-இல் ஏழு தொகுதிகள் வெளிவந்தன. தங்களில் நல்ல ஆளாகப் பார்த்துப் பொறுக்கி, வைக்கோல் அடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று பணியப் பெண்கள் பயந்ததை அவரே வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார். எனக்கென்னவோ அவர்கள் விஷயத்தைச் சரியாகவே பிடித்துவிட்டதாகத்தான் படுகிறது. அந்தத் தொகுதிகளில் படத்துக்கு அடியில் பெரும்பாலும் இனத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது.

அப்படியானால் பெயர் போட்டுவிட்டால் மரியாதை வந்துவிடுமா? பிரேசிலின் யனோமாமி மக்களிடம் ஒருவரின் பெயரை முகத்துக்கு நேரே சொல்வதே அவமதிப்பு. 1980-களின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தடுப்பூசி போட மருத்துவர்களோடு போன புகைப்படக் கலைஞர் கிளாடியா அந்துஹார், மருத்துவ அட்டைக்காகக் கழுத்தில் எண் மாட்டி ஒவ்வொருவரையும் படமெடுத்தார். தந்தைவழி உறவினர்களை நாஜி முகாம்களில் இழந்தவர் அவர். எண் குத்தப்பட்ட மனிதர்கள் யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படங்களை எடுத்தவரே யனோமாமி நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தும் இருக்கிறார். 1992-இல் சுமார் 96 லட்சம் ஹெக்டேர் அவர்களுக்கென அரசால் உறுதிசெய்யப்பட்டது. எண் கட்டிய படத்தை நான் எளிதில் மன்னிக்க மாட்டேன். இவர் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன்.

கூடலூர்ப் பெண்ணின் ஏற்பாடு நடைமுறைக்கு ஏற்றது. படத்துக்கு அடியில் என்ன எழுதுவதென்று உட்கார்ந்தவரையே கேட்கிறார். பாட்டி தன் பெயரை ஒருமுறையும் இடுகாட்டின் பெயரை மூன்றுமுறையும் சொன்னார். இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லாததும் அதனால்தான்: கோப்புக்கும் வீட்டுச் சுவருக்கும்தான் அனுமதி, பத்திரிகைக்கு இல்லை.

பிரிண்ட் அங்கேயே கையில் கிடைத்துவிடுகிறது. பேட்டரியில் ஓடும் சின்ன பிரிண்டர் தாளை நான்குமுறை உள்ளிழுத்து வெளித்தள்ளும்: முதலில் மஞ்சள், பிறகு மெஜந்தா, அடுத்து சயான், கடைசியாக மேல்பூச்சு. மஞ்சள் பாட்டி வந்தபோது குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரிய அளவு வேண்டுமென்றால் டவுனில் உள்ள லேபுக்குத்தான் போக வேண்டும், அங்கேதான் சண்டை. கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கித் தருவது லேப்காரர்களுக்குப் பழக்கம். கல்யாண ஆல்பத்துக்கு எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள்! இவர் மூதாட்டியின் சின்னப் பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறம் ஒத்துவரும்வரை கவுன்டரைவிட்டு நகர மாட்டாராம்.

பாட்டி படத்தை வாங்கிப் பார்த்து, பொத்தானைத் தடவிச் சரி என்றார். அடுத்த வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றே எங்களைத் திருப்பி அனுப்பினார். மருமகன் வேலைக்குப் போயிருக்கிறானாம், அவனிடம்தான் நல்ல சட்டை இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். படக்காரப் பெண் நோட்டில் ஞாயிறு என்று எழுதிக்கொண்டு, பையனிடம் அட்டையை எடுத்துவைக்கச் சொன்னார்.