முதல் வாக்குமூலமும் சட்டத்தரணியும்

திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவிலுள்ள நிலாவெளியில் கரைவலை இழுத்துப் பிழைக்கும் ஒருவனைப் பொலிசார் விசாரணைக்கு அழைத்துச் செல்கின்றனர் என வைத்துக்கொண்டால், சாதாரண சட்டத்தின்படி இருபத்துநான்கு மணித்தியாலத்துள் அவன் நீதவான் முன் நிறுத்தப்படல் வேண்டும். அங்கே அவனுக்காகச் சட்டத்தரணி ஒருவர் பேசலாம். ஆயின் அவ்வேளைக்குள் அவனது வாக்குமூலம் எழுதி முடிந்திருக்கும்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரிலோ சட்டத்தரணி மூலமோ நீதிமன்றத்தில் கேட்கப்படும் உரிமையை உறுதிசெய்கின்றது. புலன்விசாரணையின்போது சட்டத்தரணி உடனிருத்தல் பற்றி அது வாய்திறக்கவில்லை. பொலிசாரிடம் செய்த குற்ற ஒப்புதல் சான்றாகாது என்னும் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமே போதிய காவலெனச் சிலர் கூறுவர். அக்காவல் அரைகுறையானது. ஒப்புதல் அல்லாத கூற்றைக்கொண்டு, பின்னர் கூண்டில் நின்று சொல்வதை முரண்படுத்தலாம். அச்சத்தில் தடுமாறிச் சொன்ன ஒரு நேரம், ஒரு பெயர், வழக்கு முடியும்வரை அவனைத் தொடரும்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் அந்த அரைக் காவலையும் நீக்கிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ செய்த ஒப்புதல் சான்றாயிற்று. அது தானாக மனமுவந்து செய்யப்பட்டதன்று என நிரூபிக்கும் பாரமும் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதே சுமத்தப்பட்டது. இதன் விளைவைச் சிங்கராசா வழக்கில் காணலாம். 1993இல் மட்டக்களப்பில் கைதான அவரின் தண்டனைக்கு ஒப்புதல் ஒன்றே ஆதாரம். அது எடுக்கப்பட்டவேளை உதவி அத்தியட்சகரும் ஒரு கான்ஸ்டபிளுமே உடனிருந்தனர். தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையே மொழிபெயர்த்தவரும் அதனைத் தட்டச்சு செய்தவரும் அக்கான்ஸ்டபிளே. சிங்களத்தில் அமைந்த அவ்வாவணத்தில் சிங்கராசாவின் பெருவிரல் அடையாளம் பதிந்தது. 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாயிற்று. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு நியாயமான விளக்கம் மறுக்கப்பட்டதெனக் கண்டது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றமோ அக்கருத்தின் அடிப்படையில் தீர்ப்பை மீளாய்வு செய்ய மறுத்தது. அந்த அறையில் அவர்தம் மொழியறிந்த சட்டத்தரணி ஒருவர் அமர்ந்திருந்தால் வழக்கு எவ்வாறு சென்றிருக்கும் என்னும் வினாவுக்கு எந்த மேன்முறையீடும் விடை தர இயலாது.

சட்டத்தரணி வந்தால் சந்தேகநபர் வாய்மூடுவார், உண்மை புதைந்துபோகும் என்பது பொலிசார் தரப்பில் அடிக்கடி எழும் வாதம். முற்றிலும் பொய்யான வாதமென அதனைத் தள்ளல் நேர்மையாகாது. எனினும் 1966இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் மிராண்டா வழக்கிலும், 2008இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சல்டூஸ் வழக்கிலும் இதே வாதத்தை எதிர்கொண்டே, விசாரணை அறையில் சட்டத்தரணிக்கு இடமளித்தன. அந்நாடுகளில் குற்றப் புலன்விசாரணை நின்றுவிடவில்லை. மேலும், சட்டத்தரணி முன்னிலையில் பெற்ற கூற்றைப் பின்னர் அடித்துப் பெற்றதெனக் கூறுதல் எளிதன்று. இது பொலிசாருக்கும் நன்மையே.

இலங்கையில் 2012இல் வெளியான பொலிஸ் விதிகள், பொலிஸ் நிலையத்துக்கு வரும் சட்டத்தரணியை மரியாதையுடன் நடத்தவும், கட்சிக்காரர் சார்பில் பொறுப்பதிகாரியிடம் பேச அனுமதிக்கவும் பணித்தன. வாக்குமூலம் எழுதும் மேசையருகே அவர் அமரலாமா என்பதை அவை வெளிப்படையாகக் கூறவில்லை. ஏழைக்கு இவ்வுரிமையும் தொலைவிலேயே உள்ளது. 1978இல் சட்ட உதவி ஆணைக்குழு அமைந்ததெனினும், கைதான செய்தியை வீட்டார் அறிந்து பட்டினத்துக்குச் சென்று சொன்னாலன்றோ எவரும் புறப்பட்டு வருவர்! 2016இல் முன்வைக்கப்பட்ட திருத்தச் சட்டமூலம் ஒன்று, வாக்குமூலம் பதிவாகி முடிந்த பின்னரே சட்டத்தரணியைச் சந்திக்கலாம் என வகுக்க முற்பட்டது. சட்டத்தரணிகள் சங்கம் அதனை வன்மையாக எதிர்த்தது. 2022இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, தடுத்துவைக்கப்பட்டவரைச் சட்டத்தரணி அணுக வழிசெய்யப்பட்டது. உதவி அத்தியட்சகரிடம் செய்த ஒப்புதலைச் சான்றாக்கும் பிரிவை அத்திருத்தம் தொடவில்லை.