காய்ச்சலின் பூர்வீகம்

சிபுவில் படகேறினால் காப்பிட் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம். ரஜாங் ஆற்றின் விரைவுப்படகு, இறக்கை கழற்றிய விமானம் மாதிரி இருக்கும். உள்ளே நடுங்க வைக்கும் குளிர்சாதனம். வெளியே தே தாரேக் நிறத்தில் ஆறு.

காப்பிட் சின்ன ஊர்தான். தெரெசாங் சந்தையில் மிடின் கீரை கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. கரையோரம், 1880இல் பெலியான் மரத்தில் கட்டிய சில்வியா கோட்டை. எந்த ஆண்டு வெள்ளம் எதுவரை ஏறியது என்று அதன் சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

நான் இங்கு வந்ததற்குக் காரணம் ஒரு காய்ச்சல்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். "குளிர்காய்ச்சல் வந்தா கொய்னா குடுப்பாங்க. ராத்திரி வரைக்கும் நாக்கு கசக்கும்" என்பார். எங்களுக்கு மலேரியா என்றால் பாட்டி காலத்துக் கதை. அந்தக் கதை முடியவில்லை என்று காட்டிக்கொடுத்த ஊர் காப்பிட்.

இங்குள்ள மலேரியா நோயாளிகளின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், 'மலாரியே' என்ற சாதுவான வகை என்றே எழுதி வந்தார்கள். ஆனால், அந்த வகைக்குப் பொருந்தாத அளவுக்கு ரத்தத்தில் கிருமிகள் பெருகியிருந்தன. சந்தேகப்பட்ட மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனை செய்தார்கள். 208 நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது 'நோலெசி' என்னும் குரங்கு மலேரியா! 2004இல் அந்த ஆய்வு வெளியானது.

சரி, இது புதிதாக வந்த கிருமியா? இல்லை. மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டவர்கள், குறைந்தது 98,000 ஆண்டுகளாக இது இருந்து வருகிறது என்கிறார்கள். இதே சரவாக்கின் நியா குகையில் கிடைத்த மனித மண்டையோட்டுக்கு வயது சுமார் 40,000 ஆண்டுகள்தான். நீளவால் குரங்கும் பன்றிவால் குரங்கும் இந்தக் கிருமியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த காட்டுக்குள், நாம்தான் பிறகு வந்து சேர்ந்தோம்.

உலகில் அதிக உயிர்களைப் பறிக்கும் 'ஃபால்சிபாரம்' மலேரியாவின் பூர்வீகம் ஆப்பிரிக்கக் கொரில்லா என்று 2010இல் தெரியவந்தது. அது மனிதனுக்குத் தாவி, மனிதனோடே தங்கிவிட்டது. நோலெசியோ இன்னும் குரங்கிடம்தான் குடியிருக்கிறது. காட்டுக் கொசு வழியாக அவ்வப்போது நம்மிடம் வந்து போகிறது.

சிக்கலே அங்குதான். 2018 முதல் பல ஆண்டுகளாக மலேசியாவில் உள்ளூர் மனித மலேரியா பதிவாகவில்லை. அது நம் சுகாதாரப் பணியாளர்களின் பெரிய சாதனை. ஆனால், நோலெசி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் படுக்க வைக்கிறது, உயிர்களையும் எடுக்கிறது. மனிதர்களைக் குணப்படுத்திவிடலாம். காட்டிலுள்ள குரங்குகளுக்கெல்லாம் யார் மருந்து கொடுப்பது? காட்டை வெட்டி உள்ளே போகப் போக, குரங்கும் கொசுவும் நாமும் இன்னும் நெருங்குகிறோம்.

மாலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். "இருட்டப் போகுது, கை நீளச் சட்டை போட்டுக்குங்க" என்று விடுதிக்காரப் பெண்மணி மலாயில் சொல்லிவிட்டுப் போனார். மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டேன்.

நீங்களும் மலையேறவோ கூடாரம் போடவோ காட்டுக்குப் போவீர்கள். திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், இரண்டு பனடோலோடு விட்டுவிடாதீர்கள். நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பெருகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்ல மருந்து இருக்கிறது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "டாக்டர், நான் காட்டுக்குப் போய் வந்தேன்."