மூன்று கலர் பென்சில்களும் இரண்டு தலையங்கங்களும்

ஆசிரியர் தலையங்கத்தில் எழுதியவரின் பெயர் இருப்பதில்லை. அதனாலோ என்னவோ, அதையும் யாரோ ஒரு மனிதர்தான் மேசையில் இருந்து எழுதினார் என்பது வாசிக்கும்போது நமக்கு மறந்துவிடுகிறது. எனக்கும் மறந்துதான் இருந்தது. சென்ற தவணையில் ஊடகக் கற்கைப் பாடத்துக்காகச் செய்த ஓர் ஒப்படைதான் அதை நினைவூட்டியது.

டீச்சர் கேட்டது எளிமையான வேலை. ஒரே விடயம் பற்றி எதிரெதிர் நிலைப்பாட்டில் எழுதப்பட்ட இரண்டு தலையங்கங்களும் மூன்று கலர் பென்சில்களும் கொண்டுவர வேண்டும். நாமே தேடிச் சரிபார்க்கக்கூடிய தகவலுக்கு நீலம். உணர்ச்சியைத் தூண்டும் சொல்லுக்குச் சிவப்பு. நிரூபிக்க வேண்டியதை ஏற்கனவே நிரூபித்தாகிவிட்டது போலச் சொல்லும் இடத்துக்குப் பச்சை.

"எந்தப் பக்கம் சரி எண்டு நான் இப்ப கேக்கல்ல. உங்கள எப்படி நம்ப வைக்கிறாங்க எண்டு மட்டும் பாருங்க" என்றார் டீச்சர்.

விடயம் தேட எனக்கு நேரம் எடுக்கவில்லை. வாப்பாவிடம் ஒரு பழைய பைல் இருக்கிறது. கொரோனா காலத்து ஜனாஸா எரிப்புப் பற்றி 2020, 2021ஆம் ஆண்டுகளில் பத்திரிகைகளில் வந்தவற்றை அவர் அதில் வெட்டிச் சேர்த்து வைத்திருக்கிறார். உம்மாவின் வாப்பாவான என் அப்பா, 2020 நவம்பரில் ஆஸ்பத்திரியில் மவுத்தானார். குளிப்பாட்டவும் இல்லை, கபனிடவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவரவும் விடவில்லை. எனக்கு அப்போது 12 வயது. உம்மா இன்றுவரை அந்தப் பைலைத் திறந்து பார்த்ததில்லை.

அதிலிருந்து இரண்டை எடுத்தேன். ஒன்று, தகனம் கட்டாயம் என்பதை ஆதரித்தது. மற்றது, அதை எதிர்த்தது.

முதலாவதைத் தீட்ட உட்கார்ந்தபோது என் கை நடுங்கியது. ஆனால் பென்சில் பிடித்துக்கொண்டு வாசித்தால் வாசிப்பு வேறாகிவிடுகிறது என்பதை அன்றுதான் கண்டேன். "நிபுணர்கள்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. எந்த நிபுணர், எந்தத் துறை, என்ன ஆய்வு என்று ஓர் இடத்திலும் இல்லை. பச்சை. முடிவு "எடுக்கப்பட்டது" என்று இருந்தது. எடுத்தது யார் என்று இல்லை. செயப்பாட்டு வினையை இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். அது ஆளை மறைக்கவும் பயன்படும் என்பது எனக்குப் புதிது. சமய உரிமையா, மக்களின் உயிரா என்று கேட்டு, இரண்டைத் தவிர வேறு வழியே இல்லாதது போலக் காட்டியிருந்தார்கள். அதுவும் பச்சை. எல்லாவற்றையும்விட "நாம்" என்ற சொல் என்னை நிறுத்தியது. நாம் எல்லோரும் தியாகம் செய்ய வேண்டுமாம். ஆனால் அந்தத் தியாகத்தைக் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் அந்த "நாம்" என்பதற்குள் இருக்கவே இல்லை.

ஏறத்தாழ முழுத் தாளும் சிவப்பும் பச்சையுமாகிவிட்டது. எனக்குத் திருப்தி.

மறுநாள் டீச்சர் ஒரு வரியில் விரல் வைத்தார். நாட்டின் பல இடங்களில் நிலத்தடி நீர் மேற்பரப்புக்குக் கிட்ட இருக்கிறது என்ற வரி. அதையும் நான் சிவப்பால் தீட்டியிருந்தேன்.

"இது உணர்ச்சியா மகள், தகவலா?"

எங்கள் வீட்டுக் கிணற்றிலேயே மழைக்காலத்தில் குனிந்தால் தண்ணீர் எட்டிவிடும். நான் பேசாமல் அழித்துவிட்டு நீலம் போட்டேன்.

"அது உண்மைதான். ஆனா அதுல இருந்து ஜனாஸாவ அடக்கினா கிருமி தண்ணிக்கு வரும் எண்ட முடிவுக்கு எப்படிப் போனாங்க? நடுவுல ஒரு படி இல்ல. அதத்தான் நீங்க காட்டி இருக்கணும்."

பொய்யை மட்டும் சொல்லி ஒருவரை நம்ப வைப்பது கடினம். உண்மையான ஒரு தகவலை முன்னால் வைத்துவிட்டு, அடுத்த படியைத் தாண்டிக் குதித்தால் வாசகரும் கூடவே குதித்துவிடுவார். கோபத்தில் தீட்டியதால் அந்தக் குதிப்பை நான் காணாமல் விட்டிருக்கிறேன்.

பிறகு டீச்சர் இரண்டாவது தாளை எடுத்தார். அதில் ஒரு கோடும் இல்லை.

"இதுல ஏன் நிறமே இல்ல?"

"டீச்சர், இது உண்மை."

"உண்மையா இருந்தா நிறம் போட்டாலும் தாங்கும் மகள்."

வகுப்பில் யாரும் பேசவில்லை. எனக்கு முகம் சுட்டது. அந்தத் தலையங்கத்தை வாசித்து நான் அழுதிருக்கிறேன். அதற்கு நிறம் தீட்டுவது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் போல இருந்தது.

இரவு அதைத் தீட்டினேன். பிறந்து 20 நாட்களேயான குழந்தை 2020 டிசம்பரில் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். இரண்டும் நடந்தவை, நீலம். ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த சொற்கள் பெரும்பாலும் சிவப்பு. உலகமே எதிர்க்கிறது என்றிருந்தது. எந்த நாடு, எந்த அறிக்கை என்று இல்லை. பச்சை. கடைசிப் பந்தியில் ஒரு முழுச் சமூகத்தையும் "அவர்கள்" என்று ஒரே சொல்லில் அடைத்திருந்தார்கள். வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் சிங்களவர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பது அந்தத் தலையங்கத்தில் வரவே இல்லை. முதலாவது தலையங்கத்தின் "நாம்" என்னை வெளியே தள்ளியது. இரண்டாவதின் "அவர்கள்", எங்களோடு நின்றவர்களை வெளியே தள்ளியது. பச்சைப் பென்சிலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாப்பாவிடம் காட்டினேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, சூரா அந்நிஸாவின் 135ஆவது வசனத்தை ஓதினார். நமக்கே பாதகமாக இருந்தாலும் நீதியில் நிற்கச் சொல்லும் வசனம். பிறகு, "எங்கட பக்கம் நீலத்துக்குப் பஞ்சம் இருக்கல்ல மகள். தேடி எழுதத்தான் ஆள் இல்லாமப் போன" என்றார்.

நான் தேடினேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 24ஆம் திகதி வெளியிட்ட வழிகாட்டலிலேயே, தொற்றுநோயால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்றும், அடக்கவும் தகனம் செய்யவும் முடியும் என்றும் இருக்கிறது. அதற்குப் பின்னர்தான் ஏப்ரல் 11ஆம் திகதி தகனத்தைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி வந்தது. 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதற்கெதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்காமல் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவ சங்கம் அடக்கத்துக்கு அனுமதிக்கலாம் என்று அறிவித்தது. பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில், கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது.

இந்தத் திகதிகளைக் கொப்பியில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒரு சிவப்புச் சொல்லும் இல்லை. ஆனால் நான் வாசித்த எந்தத் தலையங்கத்தையும்விட அது என்னைக் கலங்க வைத்தது. அப்பா மவுத்தானது நவம்பரில். மார்ச் மாதத்து வழிகாட்டலுக்கு எட்டு மாதங்கள் பின்னர். ஓட்டமாவடிக்கு நான்கு மாதங்கள் முன்னர்.

சிவப்பு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. டீச்சரும் அப்படிச் சொல்லவில்லை. உணர்ச்சி இல்லாவிட்டால் அந்த வேலியில் ஒருவரும் துணி கட்டியிருக்கமாட்டார்கள். ஆனால் நீலத்தின் மேல் நிற்காத சிவப்பை, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் ஒரு கையசைவில் தள்ளிவிடுவார். நம்மோடு ஏற்கனவே உடன்பட்டவரை மட்டும்தான் அது அழவைக்கும்.

ஒப்படையின் கடைசிப் பகுதி, நாமே ஒரு தலையங்கம் எழுதுவது. நான் அந்தத் திகதிகளோடு எழுதினேன். முடிவு "எடுக்கப்பட்டது" என்று எழுத வந்த இடத்தில் நிறுத்தி, வர்த்தமானியை வெளியிட்டது சுகாதார அமைச்சர் என்று எழுதினேன். சிவப்புக்கு ஒரே ஒரு வரி வைத்தேன்: என் உம்மாவுக்கு ஸியாரத்துக்குப் போக ஒரு கப்று இல்லை.

எழுதிய தாளை வாப்பாவின் பைலில் வைக்கப் போனபோது உம்மா கையை நீட்டி வாங்கினார். சமையலறை வாசலில் நின்றே வாசித்தார். வாசித்து முடித்து, "மத்ததுகளையும் தாங்க மகள்" என்றார்.

சகோதரிகளே, நாம் வெறுக்கும் எழுத்தில் குறை காண யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தலையாட்டிக்கொண்டே வாசிக்கும் எழுத்து ஒன்று அடுத்த முறை கையில் கிடைத்தால், அப்போது பென்சிலை எடுங்கள்.