சுவரின் உள்ளே

எங்கள் வீடு வெள்ளவத்தையில் உள்ள பழைய ஓட்டு வீடு. சென்ற ஆண்டு மழையில் முன்னறைச் சுவர் ஊறிப் பூச்சு உதிரத் தொடங்கியது. ஆசிரியனுடைய சம்பளத்தில் வீட்டை இடித்துக் கட்ட இயலுமா? பழுது பார்ப்பதற்காக ஒரு மேசனை அழைத்தேன்.

மலையகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் அவர். சீமெந்துப் பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தவர் சட்டென நிறுத்தினார். உள்ளே பழைய சுண்ணாம்புச் சுவர் கன்னங்கரேலென்று நின்றது. மேலே வளையின் முனையும் கரிந்திருந்தது.

“சேர், இது ஈரம் இல்லை. நெருப்பு,” என்றார்.

அப்பாவிடம் கேட்டேன். “பூசிவிடச் சொல்லு, தம்பி” என்றதோடு எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு அவராகவே பேசினார். 1983 ஜூலை 25ஆம் திகதி, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்களாம். அடுத்த வீட்டுச் சிங்களவர், நெசவாலைத் தொழிலாளி, தம் அடுப்படியில் எங்கள் குடும்பத்தை இரண்டு இரவுகள் மறைத்து வைத்தார். பின்னர் அகதி முகாம். அதன் பின் காங்கேசன்துறைக்குச் சரக்குக் கப்பல். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, கடன்பட்டுக் கூரை போட்டு, கரியின் மேல் சீமெந்து பூசினார் அப்பா. அதற்குப் பின் பிறந்தவன் நான், எதுவும் அறியேன்.

அந்த நெசவாலையின் வரலாற்றை நான் நூல்களில் படித்திருந்தேன். 1933இல் கொல்வின் ஆர். டி சில்வாவைத் தலைவராகக் கொண்ட சங்கத்தின் கீழ் அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதே பத்தாண்டிலேதான் மலையாளிகளுக்கு எதிரான துவேஷப் பிரசாரம் தொழிலாளரைக் கூறுபோட்டது. ஐம்பது ஆண்டுகளின் பின் அதே நஞ்சு எங்கள் வாசலுக்கு வந்தது. வாக்காளர் இடாப்பு அரச ஆவணம். அது தெருவில் முளைப்பதன்று. அதை வீதிக்குக் கொடுத்த கை எது என்று கேளாமல், அயலவனை மட்டும் வெறுப்பது எவருக்கு இலாபம்?

இன்று ஆலை நின்ற நிலத்தில் வானளாவிய மாடிக் குடியிருப்புகள். அயலவர் குடும்பமும் எப்போதோ இடம் பெயர்ந்துவிட்டது.

சுவரைப் பூசினோம், ஒரு முழச் சதுரத்தை மட்டும் பூசாமல் விட்டேன். அப்பா அதைப் பார்த்தார், மறுக்கவில்லை. மாலையில் பாடம் கேட்க வரும் பிள்ளைகள், “இது என்ன, சேர்?” என்கிறார்கள். நெருப்பைச் சொல்கிறேன். திறந்த அடுப்படிக் கதவையும் சேர்த்தே சொல்கிறேன்.