குழாய்க்கும் ஒரு லெட்ஜர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆலை என்றால் குழாய்களும் புகைபோக்கிகளும்தான். உள்ளே வேலை பார்ப்பவர்களிடம் ஒரு படம் இருக்கிறது. பெயர் 'பி அண்ட் ஐடி'. எது எங்கே இருக்கிறது என்பதைவிட, எது என்ன வேலை செய்கிறது என்பதைக் காட்டும் வரைபடம்.

அதில் ஒவ்வொரு பம்புக்கும் வால்வுக்கும் டேக் எண் உண்டு. 'பி.டி. 101' என்றால் அழுத்தத்தை அளந்து சொல்லும் கருவி. எந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று வகுத்திருப்பது ஐ.எஸ்.ஏ. 5.1 தரநிலை. காமர்ஸ்காரர்களுக்குச் சொன்னால், லெட்ஜர் ஃபோலியோ மாதிரி! எண்ணைப் பிடித்தால் கருவியின் ஜாதகமே கிடைக்கும். வடிவமைத்தவர் கம்ப்யூட்டரும் ஆலையை ஓட்டுபவர் கம்ப்யூட்டரும் அந்த ஜாதகத்தை ஒரே மாதிரி படிக்க ஐ.எஸ்.ஓ. 15926 இருக்கிறது.

எதற்கு இத்தனை மெனக்கெடல்? ஒரு பதிவை அடியோடு விட்டுவிட்டாலும் டிரயல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும், தப்பு தெரியாது. ஆலையிலும் அப்படித்தான். 1988 ஜூலை 6, பிரிட்டனை ஒட்டிய வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகலில் கழற்றியிருந்தார்கள். பம்புக்கு ஒரு சீட்டு, வால்வுக்கு ஒரு சீட்டு. இரண்டும் சேரவில்லை. விஷயம் தெரியாத இரவு ஷிப்ட் அந்தப் பம்பை ஓட்டியது. எரிவாயு கசிந்து வெடித்தது. இறந்தவர்கள் 167 பேர்.

கணக்கில் விட்டுப்போனதை ஆடிட்டர் வந்து பிடிக்கலாம். ஆலையில் வால்வை மாற்றிய அன்றே படத்தையும் மாற்றியாக வேண்டும். எண்ணூரில் 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது வேறு கதை. ஆனால் பெரியகுப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்களே, அப்படியொரு இரவில் எந்த வால்வை மூடுவது என்று படம் சரியாகச் சொல்ல வேண்டும். மதிலுக்கு வெளியே தூங்குகிறவர்களுக்கு அப்படியொரு படம் இருப்பதே தெரியாது.